‘சிலோன்காரன்’ என்பது பேரா, வசையா?

கோத்தகிரி தொடங்கி கூடலூர், பந்தலூர், சேரம்பாடி வரை எந்த டீ எஸ்டேட் பக்கம் போனாலும் ஒரு வார்த்தை காதில் விழும்: “சிலோன்காரங்க”. டீக்கடையில் வழி கேட்டால், “அந்த சிலோன் காலனியத் தாண்டி இடது பக்கம் இறங்குங்கண்ணே” என்பார்கள். சொல்பவர் குரலில் பகை ஏதும் இருக்காது. ஆனால் அதே காலனியில் பிறந்து, மேட்டுப்பாளையத்துக்குக் கீழே அதிகம் போயறியாத இருபது வயதுப் பையனைப் பார்த்து “ஏ சிலோன், இங்க வாடா” என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். நாட்டின் பெயரையோ திசையின் பெயரையோ ஒட்டி ஒரு மனிதரைக் கூப்பிடுவது எப்போது சாதாரணப் பேச்சு, எப்போது அவமதிப்பு? இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் சில உண்டு. நீலகிரியில் வைத்துப் பார்த்தால் அவற்றில் எதுவும் முழுசாக நிற்கவில்லை.

முதலில் இந்தப் பெயர் மலையேறிய கதை. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரின் தலைவிதி பேசப்பட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதி என்று பங்கிட்டு முடித்தார்கள். தோட்டத்து மக்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து பல மாவட்டங்களுக்குப் பிரிந்தவர்களில் பெருங்கூட்டம் நீலகிரிக்கு வந்தது. தெரிந்த வேலை தேயிலைதானே! அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-இல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டு, 1976-இல் அது டான்டீ என்ற கழகமானது. அரசுத் தாள்களில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. பஜாரில் சிலோன்காரர்கள்.

பேச்சே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. இங்கே டீத்தண்ணி என்றால் அவர்கள் தேத்தண்ணி என்றார்கள். இங்கே லைன் வீடு, கூடலூர் பக்கம் மலையாளத் தாக்கத்தில் பாடி. அவர்களுக்கு அது லயம். இங்கே மேஸ்திரி, அங்கே கங்காணி. ரேஷன் கடை வரிசையில் வாய் திறந்த மாத்திரத்தில் ஆள் எந்தக் கரையிலிருந்து வந்தவர் என்று தெரிந்துவிடும். இத்தனைக்கும் அவர்களுடைய பாட்டன் பூட்டன்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், ராமநாதபுரம் என்று தமிழ்நாட்டு மண்ணிலிருந்து போனவர்கள்தான்.

கடலுக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கு வேறு பெயர்கள் இருந்தன. யாழ்ப்பாணத்துத் தமிழர் வாயில் ‘தோட்டக்காட்டான்’, ‘வடக்கத்தியான்’. சிங்களவரும் தமிழரும் பொதுவில் வைத்துக்கொண்ட பெயர் ‘கள்ளத்தோணி’. கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் ‘இந்தியாக்காரன்’. “அங்க இந்தியாக்காரன், இங்க சிலோன்காரன்” என்று நீலகிரியில் அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டோ சிரித்துக்கொண்டோ சொல்வதுண்டு. இரண்டு கரையிலும் ‘நீ இந்த ஊர் ஆள் இல்லை’ என்பதைத்தான் அந்தப் பெயர்கள் சொல்லின. 1983-க்குப் பின் கலவரத்துக்குத் தப்பி வந்தவர்களும் சேர்ந்துகொள்ள, இந்தியக் கடவுச்சீட்டோடு முறைப்படி வந்து இறங்கியவரையும் ‘அகதி’ என்று அழைக்கும் வழக்கம் ஒட்டிக்கொண்டது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றுவதாக மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தது 2021 ஆகஸ்டில்தான். சொல்லை மாற்றினால் கூரை ஒழுகாமல் இருக்குமா என்று கேட்டவர்களும் உண்டு, நியாயமான கேள்விதான். ஆனாலும் ஓர் அரசு அந்தச் சொல் வலிக்கிறது என்று ஒப்புக்கொண்டது சின்ன விஷயமில்லை.

இனி அந்த வழக்கமான பதில்களுக்கு வருவோம். எல்லாரும் முதலில் சொல்வது, “நான் தப்பாச் சொல்லல” என்பது. நோக்கம் கெட்டதாக இருந்தால்தான் வசை என்கிற இந்த வாதத்துக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. 2011-இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு சாதிப் பெயர் அகராதிப்படி வெறும் பெயராக இருந்தாலும் அவமதிக்கும் எண்ணத்தோடு சொன்னால் குற்றமே என்றது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. வடகிழக்கு மாநிலத்தவரை முகத்தைப் பார்த்துச் சீனாவோடு சேர்த்துக் கேலிப்பெயரால் கூப்பிட்டால், அவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராக இருக்கும் பட்சத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம் என்று 2012-இல் மத்திய உள்துறை மாநிலங்களுக்கு எழுதியது. 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா டெல்லி லாஜ்பத் நகரில் தாக்கப்பட்டு இறந்ததும் அமைக்கப்பட்ட பெஸ்பரூவா குழு, இதற்கென்று தனிச் சட்டப்பிரிவு வேண்டும் என்றது. அந்தப் பிரிவு இன்னும் சட்டமாகவில்லை.

நோக்கம் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் அது சொல்பவனுடைய நெஞ்சுக்குள் இருப்பது; கேட்பவனுக்கு அங்கே நுழைய வழியில்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கிரிக்கெட் சங்கத்தில் ஆடிய அசீம் ரஃபீக் விவகாரம் இதற்கு நல்ல பாடம். பாகிஸ்தானில் பிறந்த அவரை ‘பாக்கி’ என்று அழைத்ததைச் சங்கத்தின் விசாரணை அறிக்கை நட்பான கிண்டல் என்று ஒதுக்கியதாக 2021-இல் செய்தி வெளியானபோது பிரிட்டனே கொந்தளித்தது. விளம்பரதாரர்கள் ஓடினார்கள், தலைவர் பதவி விலகினார், ரஃபீக் நாடாளுமன்றக் குழுவின் முன் கண்ணீரோடு பேசினார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், 2002 ஜனவரியில், அமெரிக்க அதிபர் புஷ் இந்தியா-பாகிஸ்தான் பதற்றத்தைப் பற்றிப் பேசும்போது இதே சொல்லைப் பன்மையில் உதிர்த்தார். வெள்ளை மாளிகை விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. புஷ்ஷுக்குக் கெட்ட நோக்கம் இருந்திருக்காது. அவர் ஊரில் அது வெறும் சுருக்கம். பிரிட்டனில் அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டு வந்தவர்கள் கையில் தடியோடு வந்தார்கள்.

“சுருக்கிச் சொன்னால் என்ன?” என்பது இதே வாதத்தின் தம்பி. ஆஸ்திரேலியரை ‘ஆசி’ என்றால் அவர் சிரிப்பார். ஜப்பானியரை அதே மாதிரி முதல் எழுத்துகளோடு வெட்டிச் சொன்னால், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தன் சொந்தக் குடிமக்களை முள்வேலி முகாமில் அடைத்தது நினைவுக்கு வரும். டெக்சாஸில் அந்தச் சுருக்கத்தைத் தாங்கிய ஒரு சாலையின் பெயரை நெடிய போராட்டத்துக்குப் பின் 2004-இல் மாற்றினார்கள். அங்கே குடியேறிய ஒரு ஜப்பானிய நெல் விவசாயியைச் சிறப்பிக்கத்தான் அந்தப் பெயரே வைத்தோம் என்று ஊர்க்காரர்கள் வாதாடியும் எடுபடவில்லை.

இன்னொரு பதில்: “அவங்களே அப்படித்தானே சொல்லிக்கிறாங்க?” நியூசிலாந்துக்காரர் தம்மைக் ‘கிவி’ என்று சொல்லிக்கொள்கிறார், கனடாவில் ஒரு ஹாக்கி அணியே ‘கனக்ஸ்’ என்ற பட்டப்பெயரைச் சூடியிருக்கிறது. நீலகிரியில் இதைவிட நல்ல சான்று குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இருக்கிறது. 1758-இல் வேர்விட்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் அங்கே. அதன் போர்க்குரல் “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!” தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லாரும் ஒரே தொண்டையாக அதை முழங்குகிறார்கள். பயிற்சி மைதானத்தில் அது எழும்போது கேட்பவனுக்கும் சிலிர்க்கும். அதே ‘மதராசி’யை டெல்லியில் ஒரு வீட்டுக்காரர் வாடகை கேட்டு வந்தவரிடம் உதட்டைச் சுழித்துச் சொன்னால்? விந்திய மலைக்குத் தெற்கே இருக்கும் எல்லாரையும் ஒரே சட்டியில் போட்டு வேகவைக்கிறார்கள் என்று நமக்குக் கோபம் வருகிறது. எல்லாரையும் ஒன்றாக்குவதுதான் வெலிங்டனில் பெருமை, டெல்லியில் குறை.

ஆக, தாமே சொல்லிக்கொள்வது மற்றவருக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. சிலோன் காலனியில் தங்களுக்குள் “நம்ம சிலோன் ஆளு” என்று உரிமையோடு பேசிக்கொள்வார்கள். பெண் எடுக்க, கொடுக்க, ஒரு கஷ்டத்தில் கை கொடுக்க அந்தச் சொல் பயன்படுகிறது. எஸ்டேட் ஆபீஸில் அதே சொல் வந்தால் கதை வேறு.

சொல்லின் பிறப்பைத் தோண்டி ‘அதில் தப்பே இல்லை’ என்று நிரூபிக்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். புலவர்களுக்குப் பிடித்த வழி, பலன் குறைவு. நம் ‘பறங்கி’யையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவின் பிராங்க் இனப் பெயர் அரபு, பாரசீகம் வழியே சுற்றி நம்மிடம் வந்தது. பிறப்பில் ஒரு களங்கமும் கிடையாது. ஆனால் 1606-இல் மதுரைக்கு வந்த பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, தம்மைப் பறங்கி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் படாத பாடு பட்டார். மாட்டிறைச்சி உண்பவர், குடிப்பவர், குளிக்காதவர் என்று போர்த்துக்கீசியரைப் பற்றி ஊரில் இருந்த இளக்காரம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் ஏறியிருந்தது. ‘பறங்கிக் குலத்தில் சேருகிறாயா?’ என்று கேட்டு மதம் மாற்றினால் யார் வருவார்கள்? காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தத்துவ போதகர் என்ற பெயரோடு, தாம் ரோமாபுரியின் உயர்குலத்தவர் என்று அவர் சொல்லிக்கொண்டார். நானூறு ஆண்டு கழித்து அந்தச் சொல்லின் நிலை என்ன? பறங்கிமலையில் மின்ரயில் நிற்கிறது. பறங்கிக்காய் கூட்டில் கொதிக்கிறது. இலங்கையில் ‘பறங்கியர்’ என்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓர் இனத்தின் முறையான தமிழ்ப் பெயர்.

‘துலுக்கர்’ என்பது எதிர்த்திசையில் போனது. துருக்கியர் என்ற பொருளில் தொடங்கி, ஸ்ரீரங்கத்தில் துலுக்க நாச்சியார் என்று வழிபாட்டுப் பெயராகவும் அமர்ந்த சொல், இன்று முஸ்லிம் ஒருவரின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததாகிவிட்டது. தமிழரும் இதை வாங்கிக் கட்டியிருக்கிறோம். கலிங்கத்தை ஒட்டிப் பிறந்த ‘கெலிங்’ மலாய் நாட்டில் ஒரு காலத்தில் தென்னிந்திய வணிகரைக் குறித்த மதிப்பான பெயர். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அந்தப் பெயரோடு நிற்கிறது. மலேசியத் தமிழரிடம் நேரில் அந்தச் சொல்லைச் சொன்னால் கைகலப்பில் முடியும். ‘கூலி’யும் அப்படித்தான். தமிழில் உழைப்புக்குக் கிடைக்கும் காசு, ரஜினிகாந்த் படத்துக்குத் தலைப்பு. தென்னாப்பிரிக்காவில் அது இந்தியர் எல்லார் மேலும் எறியப்பட்ட கல். காந்தியையே ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள்.

அப்படியானால் எதை வைத்துத்தான் முடிவு செய்வது? அந்தச் சொல்லுக்கு அடுத்த வாக்கியம் என்ன என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. சொல்லைத் தொடர்ந்து ஏதாவது மறுக்கப்படுகிறதா? வீடா, வேலையா, சான்றிதழா, சமமாக உட்காரும் இடமா? அப்படி மறுக்கும் பழக்கம் அந்தச் சொல்லோடு கூடவே வளர்ந்திருந்தால், சிரித்துக்கொண்டு சொன்னாலும் அது வசை.

இதன் மறுபக்கத்துக்கான சான்றும் ஊட்டியிலேயே கிடைக்கிறது. சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராக ஊட்டி இருந்த காலத்தில், இங்கே வந்து தங்கிய வெள்ளை அதிகாரிகளுக்கு மற்ற மாகாண வெள்ளையர்கள் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்: ‘முல்’. நம்ம மிளகுத்தண்ணியைத்தான் ஆங்கிலத்தில் நீட்டி முழக்கி, பிறகு தலையை மட்டும் வெட்டி எடுத்தது அது. பம்பாய்க்காரர்கள் ‘டக்’, வங்காளத்தார் வேலைக்காரனைக் கூப்பிடும் ‘கோயி ஹை’. 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இவற்றையெல்லாம் பதிவு செய்திருக்கிறது. மிளகு ரசம் என்று கூப்பிட்டதால் எந்தக் கலெக்டருக்காவது பங்களா கிடைக்காமல் போனதா? ஊட்டி கிளப்பில் நாற்காலி இல்லை என்றார்களா? அதனால்தான் அது கடைசிவரை சிரிப்பாகவே இருந்தது. தோட்டத்துச் சனம் அவர்களைத் ‘தொரை’ என்று கும்பிட்டது. அவர்கள் பதிலுக்குக் கொடுத்த பெயர் ‘கூலி’. ஆங்கிலேயரைப் ‘பாம்’ என்று கேலி செய்த பீர் விளம்பரத்தின் மேல் வந்த புகாரை ஆஸ்திரேலியாவின் விளம்பரத் தர அமைப்பு தள்ளுபடி செய்ததையும் இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். ஆஸ்திரேலியாவில் ஆங்கிலேயனாகப் பிறந்ததற்காக யாரும் வாடகை வீடு கிடைக்காமல் அலைவதில்லை.

‘சிலோன்காரன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் நீலகிரியில் வந்த வாக்கியங்கள் வேறு மாதிரி. சாதிச் சான்றிதழுக்குப் போனால், இங்கே உன் பூர்வீகம் எது, அத்தாட்சி எங்கே என்ற கேள்வி. நிலம் என்றால், நேற்று வந்தவர்கள் என்ற பேச்சு. 2022-இல் டான்டீ வசமிருந்த நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவெடுத்ததும் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். காடு மீள்வது நல்லதுதான். ஆனால் ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்களுக்கு, ‘சொந்த ஊருக்குப் போகலாமே’ என்ற யோசனையைச் சொல்ல முடியுமா? அவர்களுக்கு எது சொந்த ஊர்? அதனால்தான் அந்தப் பெயர் மூன்றாம் தலைமுறைப் பையனையும் சுடுகிறது. அவன் சிலோனைப் பார்த்ததில்லை. பெயர் மட்டும் அவனை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறது.

இப்போது நீலகிரித் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம், வங்காளத்துக்காரர்கள் கணிசம். எஸ்டேட் குழந்தைகள் படித்து, திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டதால் ஆள் இல்லை. வந்தவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் ‘ஹிந்திக்காரன்’, ‘பாய்’, ‘வடக்கன்’. தாய்மொழி சாந்தாலியாகவோ முண்டாரியாகவோ இருந்தாலும் நமக்கு ஹிந்திக்காரன்தான். டெல்லிக்காரனின் ‘மதராசி’யைக் குறை சொன்ன அதே வாய். பாஸ்கர் சக்தி இயக்கிய ‘வடக்கன்’ படத்தின் தலைப்பைத் தணிக்கை வாரியம் ஏற்காததால் அது 2024-இல் ‘ரயில்’ என்று வந்தது. புலம்பெயர் தொழிலாளர் மீது பரிவோடு எடுத்த படம். அந்தச் சொல் எவ்வளவு அசிங்கமாக உருள்கிறது என்று காட்டவே தலைப்பில் வைத்தார்கள். போஸ்டரில் மட்டும் தடை, தெருவில் தாராளம். 2023 மார்ச்சில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துப் போக வேண்டியிருந்தது. வீடியோ பொய். அதை நம்பும் அளவுக்கு அவர்களிடம் அச்சம் இருந்தது பொய்யில்லை.

‘பாய்’ என்பதில் வசை இல்லையே, அண்ணன் என்றுதானே பொருள் என்று கேட்பார்கள். சரிதான். நேபாளத்துக்காரர் எல்லாரும் நமக்குக் ‘கூர்க்கா’ ஆனதிலும் வசை இல்லை. ஆனால் ஒரு பாயின் பெயர் என்ன என்று கூட வேலை செய்பவரிடம் கேட்டால் பல நேரம் தெரிவதில்லை.

வடக்கிலிருந்து வந்தவர் என்ற பெயர் இந்த மலைக்குப் புதிதும் இல்லை. நீலகிரியின் பெரிய சமூகமான படகரின் பெயரே ‘வடக்கர்’ என்பதிலிருந்து வந்தது, மைசூர்ப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்களுக்கு மற்றவர்கள் இட்ட பெயர் அது என்று ஆய்வாளர் பலர் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் எங்கிருந்தும் வரவில்லை, இங்கேயே இருந்தவர்கள் என்று மறுக்கும் படகரும் உண்டு. பிறப்பு எப்படியோ, இன்று அந்தப் பெயரைச் சொல்ல யாரும் தயங்குவதில்லை; ஹெத்தை அம்மன் திருவிழாவில் வெள்ளை உடுத்தி வரும் ஆயிரக்கணக்கானோர் அதைத் தலைநிமிர்ந்து சொல்கிறார்கள். காலம் கழுவிவிட்டது என்று இதை எளிதாக முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. படகருக்கு நிலம் இருந்தது. ஹட்டி என்ற ஊர் இருந்தது, உருளைக்கிழங்கும் தேயிலையும் இருந்தன, பிறகு பள்ளிக்கூடமும் பதவியும் வந்தன. ‘வடக்கன்’ என்று இன்று சொல்லப்படுபவருக்கு என்ன இருக்கிறது? தோட்டத் தொழிலாளிக்கு வீடு, மருத்துவம், பிள்ளைகளுக்குக் காப்பகம் என்று 1951-இலேயே சட்டம் எழுதினார்கள். பறிக்கும் காலத்துக்கு மட்டும் ஒப்பந்தக்காரர் கொண்டுவந்து இறக்கும் ஆட்கள் நிரந்தரப் பட்டியலில் ஏறுவதே அரிது. அந்தக் கூட்டத்தை லைன் வீட்டின் கடைசி இரண்டு அறைகளில் தங்கவைத்து, காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் தலையை மட்டும் எண்ணி, “ஹிந்தி ஆளுங்க பதினாலு” என்று மேஸ்திரி சத்தமாகச் சொல்கிறார். பல எஸ்டேட்டில் அந்த மேஸ்திரியே சிலோன் காலனிக்காரர்.